ஜாமின் இல்லாத சட்டமும் ஒய்.பி.க்களின் வாசலும்

சட்டம் போடுகிறவர்களிடம் போய் "இந்தச் சட்டத்தைத் திருத்துங்கள்" என்று கேட்பதுதான் என் தொழில். அதில் பாதி காத்திருப்பது, மீதி மறுபடியும் போய்க் காத்திருப்பது.

நீங்களும் காத்திருந்திருப்பீர்கள். வீட்டு விண்ணப்பத்துக்கோ, ஐ.சி. அடையாள அட்டைப் பிரச்சினைக்கோ, கோயில் நிலத்துக்கோ ஒய்.பி.யின் சேவை மையத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் அவர் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் நம் பேராக் மாநிலத்தில் யாருக்கு இல்லை? சட்டமன்றமோ நாடாளுமன்றமோ, ஜெயித்தவர் எல்லாரும் நமக்கு ஒய்.பி.தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

என் பெயர் பரமேஸ்வரி. வீடு புந்தோங்கில். முன்பு காப்புறுதி ஏஜண்டாக இருந்தேன். இப்போது ஈப்போவில் ஒரு லாயர் அலுவலகத்தின் மாடியில் இயங்கும் சின்னக் குழுவில் வேலை. நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. குண்டர் கும்பலில் இருப்பதாகக் குற்றம் சாட்டினால் ஜாமின் கிடையாது. வழக்கு முடியும்வரை சிறைதான். வழக்கு முடிய வருடங்கள் ஆகும். நீ குற்றவாளி இல்லை என்று கடைசியில் தீர்ப்பு வந்தாலும், உள்ளே போன வருடங்கள் போனதுதான். குற்றம் செய்தவனை விடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஜாமின் கொடுக்கலாமா வேண்டாமா என்பதை நீதிபதி பார்த்து முடிவு செய்யட்டும் என்கிறோம். கேட்பது அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை வாசல்.

கறுப்புச் சட்டை

லெட்சுமி முதன்முதலில் எங்கள் மாடிக்கு வந்தபோது தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். கையுறை கம்பெனியில் வேலை. ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்தாள். அவள் கணவன் சேகர் லோரி ஓட்டுபவன். சுங்கை சிப்புட் பக்கம் முன்பு ரப்பர் பால்மரக் காடாக இருந்து இப்போது செம்பனையாக மாறிவிட்ட தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்தபோது புந்தோங்குக்கு வந்தவர்கள். செம்பனைக் குலை ஏற்றி மில்லுக்கு ஓட்டுவது அவன் வேலை. ஒரு நாள் விடியற்காலையில் போலிஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது.

காரணம் ஒரு போட்டோ. தோட்டத்துப் பள்ளியில் கூடப் படித்தவன் ஒருவன் இறந்துபோனான். இறந்தவனுக்கு ஒரு கும்பலோடு சகவாசம் இருந்தது உண்மை. ஊர்வலத்தில் வந்தவர்களுக்கெல்லாம் யாரோ ஒரே மாதிரி கறுப்புச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். சேகரும் போட்டுக்கொண்டு பாடை தூக்கியது படத்தில் விழுந்திருந்தது. அந்தப் போட்டோவில் இருந்த பலரும் இப்போது உள்ளே இருந்தார்கள். சட்டத்தை நான் விளக்கினேன். ஜாமின் கிடையாது என்றேன். வழக்கு முடிய எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள். இரண்டு வருடமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்றேன். அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அவள் தண்ணீரைத் தொடவில்லை.

"அக்கா, சாவு வீட்டுக்குப் போனது குத்தம்னா, எங்க தோட்டத்துல பாதி பேரு உள்ள இருக்கணும். யார்கிட்ட போயி கேக்கணும், அத சொல்லுங்க," என்றாள்.

மெழுகுவர்த்தி பிடித்தவர்

முதலில் எங்கள் ஒய்.பி.யிடம் போனோம். நாடாளுமன்ற உறுப்பினர். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். எதிர்க்கட்சியில் இருந்தபோது, லோக்காப்பில் ஒருவர் இறந்தார் என்றால் போலிஸ் நிலையத்துக்கு வெளியே எங்களோடு மெழுகுவர்த்தி பிடித்து நிற்பார். ஒரு தடவை மழையில் என் குடைக்குள் நின்றுகொண்டே, "நாம ஆட்சிக்கு வந்தா இந்தச் சட்டத்த முதல் கூட்டத்துலயே தூக்கிருவோம்" என்று மைக்கில் பேசினார். நான் கைதட்ட முடியவில்லை, குடையைப் பிடித்திருந்தேன்.

ஆட்சிக்கு வந்தார்கள். முதல் கூட்டம் நடந்தது, அடுத்ததும் நடந்தது. இப்போது அவரைப் பார்க்க அவருடைய உதவியாளர் குணாளனிடம் நேரம் கேட்க வேண்டும். குணாளன் நல்ல பையன்தான். "ஒய்.பி. மீட்டிங்ல இருக்காருக்கா" என்பதைக்கூட மரியாதையாகச் சொல்வான். மூன்றாம் தடவை உள்ளே விட்டான். ஒய்.பி. எழுந்து வந்து லெட்சுமிக்கு வணக்கம் சொன்னார். சட்டத்தை மறுபரிசீலனை செய்ய ஒரு குழு இருக்கிறது, அந்தக் குழுவின் அறிக்கையைப் பார்க்க இன்னொரு குழு இருக்கிறது என்றார். "நீங்க இதே சட்டத்த 'அநியாயம்'னு சொன்னீங்க ஒய்.பி., நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்ப வெளிய நின்னு பேசினேன், பரமேஸ். இப்ப உள்ள உக்காந்து யோசிக்கிறேன்."

கோப்பிக் கடையில் ஒரு வாக்கெடுப்பு

அடுத்தது ஒரு சட்டமன்ற உறுப்பினர். இந்தச் சட்டம் நாடாளுமன்றத்துக் காரியம், அவர் கையில் இல்லை. ஆனால் கட்சியில் பெரிய ஆள். அவர் சொன்னால் மேலே கேட்பார்கள். அலுவலகத்தில் பிடிக்க முடியாமல், காலையில் அவர் வழக்கமாக உட்காரும் சீனர் கோப்பிக் கடைக்கே போய்விட்டோம். அவர் மறைக்காத மனிதர். "அக்கா, உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஆனா என் தொகுதியில எல்லாருக்கும் பயம். திருட்டு, வெட்டு, கும்பல். இவனுங்கள உள்ளயே வைங்கன்னுதான் ஜனங்க கேக்குது. ஜாமின் குடுங்கன்னு நான் போயி பேசினேன்னா, அடுத்த தடவ எனக்கு எவன் போடுவான்? இங்க உக்காந்திருக்கிறவங்களையே கேட்டுப் பாருங்க," என்றார்.

அது பேச்சுக்குச் சொன்னது. லெட்சுமி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து போனாள். கோப்பி கலக்கிக்கொண்டிருந்த கடை முதலாளி தவுக்கேயிடம் மலாயில் கேட்டாள்: "தவுக்கே, இன்னைக்கு என்ன போலிஸ் பிடிக்கிறாங்க. நான் தப்பு செஞ்சேனா இல்லையான்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு ரெண்டு வருஷம் வேணுமாம். அந்த ரெண்டு வருஷமும் நான் எங்க இருக்கணும்?" பக்கத்து மேசைக்காரர்கள் பத்திரிகையை இறக்கினார்கள். ஒய்.பி. ரோட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். தவுக்கே அவளை மேலும் கீழும் பார்த்தார். யோசித்தார். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் அவசரமாக, "கெட்டவனா இருந்தா என்ன செய்றது?" என்றார். அது நியாயமான கேள்விதான். லெட்சுமி, "அத ஜட்ஜு பாக்கட்டும், பாத்துட்டு இவன விடக்கூடாதுன்னா விட வேணாம்," என்றாள். கேட்டவர் தலையை ஆட்டினார்.

தவுக்கே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒய்.பி.க்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வீட்லதான் லா. ஓடணும்னா எங்க ஓடுவ? உன் பிள்ளைங்க இங்கதானே ஸ்கூல் போவுது."

தனி உதவி

நாடாளுமன்றத்துக்கு வெளியே குடும்பங்கள் கூடிக் கோரிக்கை மகஜர் கொடுப்பதாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். அந்த வாரம் குணாளன் எங்கள் மாடிக்கே வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. சேகர் விஷயத்தை ஒய்.பி. தனியாக மேலே பேசிப் பார்ப்பார், அவன் பெயரை வழக்கிலிருந்து எடுக்க முடியுமா என்று விசாரிப்பார் என்றான். உறுதி இல்லை, ஆனால் வழி இருக்கிறது. அதற்குப் பதிலாக லெட்சுமி கோலாலம்பூருக்கு வர வேண்டாம், பத்திரிகைக்காரர்களிடம் ஒய்.பி. பெயரைச் சொல்ல வேண்டாம். இதை அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

உண்மையைச் சொன்னால், "சரி என்று சொல்லடி" என்றுதான் என் மனம் சொன்னது. இரண்டு பிள்ளைகளோடு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பெரியவள் பள்ளியில் அப்பா வெளியூரில் வேலை செய்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லெட்சுமி எழுந்து சன்னலுக்குப் போனாள். கீழே ரோட்டில் பஸ் போவதைப் பார்த்தாள். முழங்கை வரை கையுறை மாவு படிந்த கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தம்பி, என் புருஷன மட்டும் வெளிய எடுக்கலாம்னு உங்க ஒய்.பி.க்குத் தோணுதுன்னா, அவரு தப்பு செய்யலன்னு ஒய்.பி.க்குத் தெரியுதுன்னுதானே அர்த்தம். அத என்கிட்ட சொல்ல வேணாம். சபையில எழுந்து நின்னு சொல்லச் சொல்லுங்க."

பின்வாசல்

அந்த மகஜர் நாள். பேராக்கிலிருந்து ஒரு பஸ் நிறைய பெண்கள். அம்மாக்கள், மனைவிகள், அக்கா தங்கைகள். ஆண்கள் பெரும்பாலும் உள்ளே இருந்தார்கள், அல்லது வேலையை விட்டு வர முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரே ஒரு எதிர்க்கட்சி ஒய்.பி. வந்து எங்களோடு படம் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய கட்சி ஆட்சியில் இருந்தபோதுதான் அந்தச் சட்டமே வந்தது. அதைச் சொன்னேன். "அது வேற காலம்" என்றார். எங்கள் ஒய்.பி. வரவில்லை. சபையில் இருக்கிறார், வெளியே வர முடியாது என்று குணாளன் போனில் சொன்னான்.

கேட்டில் நின்ற போலிஸ்காரர் ஒருவர் தமிழர், நம் ஆள். எங்களை நடைபாதையைவிட்டு இறங்கவிடக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. அதைக் கண்டிப்பாகச் செய்தார். பெண்கள் உட்கார நிழல் தேடியபோது மட்டும், எங்கோ பார்த்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஒய்.பி.க்களின் கார்கள் எல்லாம் பின்பக்கத்து வாசலாகத்தான் போகும், அங்கே மரமும் இருக்கிறது என்று முணுமுணுத்தார். நாங்கள் நிழலுக்காக அங்கே போனோம். நிழலுக்காகத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்பு வண்டி வந்து, நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் மெதுவாக ஊர்ந்தது. லெட்சுமி சன்னலுக்குப் பக்கத்தில் நடந்தாள். கண்ணாடி இறங்கியது. மகஜரை உள்ளே நீட்டினாள். எங்கள் ஒய்.பி. அதை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க முடியாது, சுற்றிலும் அத்தனை கைபேசிகள்.

சட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த கேட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடலோரத்து ஒய்.பி.

மகஜரைப் படித்ததாக எங்களுக்கு வந்த ஒரே பதில், நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. கடலோரத் தொகுதி ஒன்றின் மலாய்க்கார ஒய்.பி. சமயக் காரியங்களில் கண்டிப்பானவர் என்று பெயர். குற்றவாளிகளுக்கு இன்னும் கடுமையான தண்டனை வேண்டும் என்று பேசுகிறவர்களின் பக்கத்தில் உட்காருபவர். லூமுட் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனோம். வழியெல்லாம் நான் லெட்சுமியிடம், "ரொம்ப எதிர்பாக்காத, திட்டினாலும் திட்டுவாரு" என்று சொல்லிக்கொண்டே போனேன். கடையில் நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் வந்து உட்கார்ந்தார். எங்களைத் தமிழிலேயே "அக்கா" என்று கூப்பிட்டார். மற்றதெல்லாம் மலாய்.

மீன் வந்து ஆறிப்போனது. அவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். அவருடைய அண்ணன் மீனவர். வலை அறுந்த சண்டையில் யாரோ யாரையோ அடித்து, அண்ணனைத் தப்பாகப் பிடித்துப் போனார்கள். மறுநாள் ஜாமினில் விட்டுவிட்டார்கள். விட்டதால்தான் அண்ணனுக்குப் படகு மிஞ்சியது, சாட்சிகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. "உள்ளயே இருந்திருந்தா எங்க அண்ணன் இன்னைக்குக் குற்றவாளி," என்றார். சபையில் பேசுகிறேன் என்றார். நான் நம்பவில்லை. இந்த வார்த்தையை நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள்.

பேசினார். போனில் நேரலையாகப் பார்த்தோம். அவர் பக்கத்து ஆட்களே மேசையைத் தட்டிக் கத்தினார்கள். எதிர்ப்பக்கத்தில் எங்கள் ஒய்.பி. எதையோ குனிந்து படித்துக்கொண்டிருந்தார். "கடுமையான தண்டனை வேண்டும் என்று சொன்னவன்தான் நான், இன்னமும் சொல்வேன்; ஆனால் தண்டனை என்பது தீர்ப்புக்குப் பிறகு வருவது" என்று மலாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த வாரமே கட்சித் தலைமை கூப்பிட்டு விசாரித்ததாம். நன்றி சொல்ல நான் போன் போட்டபோது சிரித்தார்.

"அடுத்த தேர்தல்ல எனக்கு இடம் இல்லன்னு சொல்லிட்டாங்க, அக்கா. பரவாயில்ல, எனக்கு இன்னும் வலை போடத் தெரியும்."

தாப்பாவில் சாப்பிடாத சாப்பாடு

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. சேகர் உள்ளே போன பிறகு வந்த இரண்டாம் தீபாவளி நெருங்கும்போது ஒரு வழி பிறந்தது. சின்னக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டால், உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாகக் கணக்கிட்டு விட்டுவிடலாம் என்று அரசாங்கத் தரப்பு சொன்னது. அந்தப் போட்டோவில் இருந்தவர்களில் பலர் ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வெளியே அம்மா படுக்கையில் இருக்கும்போது, செய்ததா செய்யாததா என்று யார் பார்ப்பார்கள்? சட்டம் அப்படித்தான் வேலை செய்கிறது. ஜாமின் இல்லை என்றால், குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் வீட்டுக்குப் போகும் குறுக்குவழி.

லெட்சுமியும் அதைத்தான் விரும்பினாள். சேகரிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கத்தான் அன்று சிறைக்குப் போனாள். நான் வண்டி ஓட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேகர், இந்தப் பக்கம் இவள், நடுவில் டெலிபோன். நான் தள்ளி நின்றேன். அவன் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. இவள் பேசுவது மட்டும் கேட்டது. "ஒப்புக்கங்க... பிள்ளைங்க இருக்கு... யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க... அப்ப நான் என்னா செய்றது?" அவன் நிதானமாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். இவள் டெலிபோனை வைத்துவிட்டு என்னைத் தாண்டி வெளியே நடந்தாள்.

திரும்பும்போது தாப்பாவில் நிறுத்தினேன். மலைக்குப் போகும் பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாழையிலைக் கடை. இலை போட்டுச் சோறு வந்தது. அவள் தொடவில்லை. அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். செய்யாததைச் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டால் லோரி லைசன்ஸ் முதல் பிள்ளையின் கல்யாணம் வரை அந்தக் கையெழுத்து பின்னால் வருமாம்; அது மட்டும் இல்லை, மற்றவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டால் அந்தப் போட்டோ உண்மையாகிவிடுமாம். ஒருவனாவது இல்லை என்று சொல்ல வேண்டுமாம். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் நிறையக் கோபம். அதற்குள் வேறு ஏதோவும் இருந்தது, நான் பார்க்காத மாதிரி ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

"நல்ல மனுஷனக் கட்டிக்கிட்டா இதான்க்கா கஷ்டம்," என்றாள். "கெட்டவனா இருந்தா இந்நேரம் வீட்டுல இருந்திருப்பான்."

பூ

கடைசியில் வழக்கு நின்றது. அரசாங்கத் தரப்புச் சாட்சிகளைக் கேட்டு முடித்ததும், சேகர் எதிர்வாதம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, அவன்மேல் வழக்கு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பை வாசிக்க எடுத்துக்கொண்ட நேரம், நான் ஒய்.பி. அலுவலகத்தில் ஒரு தடவை காத்திருந்த நேரத்தைவிடக் குறைவு. லெட்சுமி அழவில்லை. கைப்பையைத் திறந்து, சேகருடைய சட்டை ஒன்றை மடிப்புக் கலையாமல் எடுத்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதைக் கொண்டு வந்துகொண்டிருந்தாளாம். எனக்கு அன்றுதான் தெரியும். சட்டை இப்போது அவனுக்குப் பெரிதாக இருந்தது.

கீழே இறங்கினால், எங்கள் ஒய்.பி. நிற்கிறார். குணாளன் கையில் மாலை. இரண்டு பத்திரிகைக்காரர்கள். "நம்ம பிள்ளைக்கு நீதி கெடச்சிருக்கு" என்று ஒய்.பி. கேமராவைப் பார்த்துச் சொன்னார். நான் கொதித்துப்போய் ஒரு அடி முன்னால் வைத்தேன். லெட்சுமி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சேகர் மாலையைக் கழுத்தில் வாங்கவில்லை. கையில் வாங்கினான். இத்தனை காலம் அதிகம் பேசாமல் இருந்ததால் அவன் குரல் கரகரத்தது. வெளியே வந்து அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். அந்த இரண்டு பத்திரிகையில் ஒன்றிலாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதனால் இங்கே வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"ஒய்.பி., நான் ஜெயிச்சிட்டு வரல, செத்தும் போகல. எங்க வீட்டுல உங்ககிட்ட ஜாமின் கேட்டாங்க, நீங்க பூ கொண்டாந்திருக்கீங்க."

புதிய ஒய்.பி.

சேகரின் பழைய வேலை போய்விட்டது. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். சின்னவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போகிறாள். முதல் இரண்டு வாரம் பின்சீட்டில்தான் உட்கார்ந்தாளாம். லெட்சுமி ஷிப்டு இல்லாத நாட்களில் என்னோடு வாசல் ஏறுகிறாள். கணவன்தான் வந்துவிட்டானே, இனி உனக்கு என்ன என்று ஒரு ஒய்.பி. கேட்டார். அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். சட்டம் அப்படியே இருக்கிறது. மறுபரிசீலனையும் அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு புதிய ஒய்.பி.யைப் பார்த்தோம். முதல் தடவை ஜெயித்த இளம் பெண், லாயருக்குப் படித்தவர். நாங்கள் முன்பே அனுப்பியதை எல்லாம் படித்து, பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அதுவே எங்களுக்குப் புதுசு. எங்கள் கோரிக்கையில் ஒரு தப்பைக்கூடத் திருத்தினார். முழுவதும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, "ஆனா ஓட்டெடுப்புன்னு வந்தா கட்சி சொல்றபடிதான் கை தூக்கணும். அத மீற எனக்குத் தைரியம் இருக்கான்னு இன்னும் தெரியல. பொய் சொல்ல விரும்பல," என்றார். இத்தனை வருடத்தில் எந்த ஒய்.பி.யும் எனக்கு இவ்வளவு நேர்மையான பதில் சொன்னதில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்வதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் நான் தேத்தண்ணியைக் குடித்தேன். லெட்சுமிக்கு அந்தக் குழப்பம் இல்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் எந்த நாள் அலுவலகத்தில் இருப்பீர்கள் என்று கேட்டாள். செவ்வாய் என்றார் ஒய்.பி.

"அப்ப செவ்வாய்க்கிழம வாரோம்," என்றாள் லெட்சுமி. "அன்னைக்கும் தைரியம் வரலன்னா அதுக்கு அடுத்த வாரமும் வாரோம். நீங்க பொறுமையா தேடுங்க, நாங்க உக்காந்திருக்கோம்."

இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல், ஒய்.பி.க்களுக்குப் பதவிக்காலம் உண்டு, எங்களுக்குக் கிடையாது.